குவாண்டம் துகளின் பாதையைக் கையால் வரைவது எப்படி

பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் குவாண்டம் இயற்பியல் நடத்துகிறேன். இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் திரையில் ஒளிப்பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறி வரும் இரட்டைப் பிளவுச் சோதனையை நடத்தும் வாரத்தில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் கை தூக்கிவிடுவார். "அப்ப அந்த எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியாப் போச்சு மேடம்?" முதல் பல வருஷங்கள், "அந்தக் கேள்வியே தப்பு, துகளுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்ட பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே போவேன்.

இப்போது நான் செய்வது வேறு. ஒரு வரைபடத்தாளை எடுத்துக் கொடுத்து, "நீயே கணக்குப் போட்டுப் பார்" என்கிறேன். பாதை உண்டா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதாடலாம். ஆனால் ஒரு பாதையையாவது தன் கையால் புள்ளி வைத்து வரைந்தவர் பேசும் பேச்சும் வரையாதவர் பேச்சும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, எங்கே வழுக்கும், வரைந்தபின் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். வகையிடலும் கலப்பெண்களும் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும். ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வேண்டும். எக்செல் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம்.

முதலில் வேகம் எங்கிருந்து வருகிறது?

அலைச்சார்பு என்பதை இடத்துக்கு இடம் நட்டுவைத்த கடிகார முட்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முள். அதற்கு ஒரு நீளம், ஒரு கோணம். நீளத்தின் வர்க்கம் துகள் அங்கே இருக்கும் நிகழ்தகவு அடர்த்தி. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கோணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசமாட்டார்கள். பக்கத்துப் பக்கத்து முட்கள் எல்லாம் ஒரே திசையைக் காட்டினால் வேகம் சுழியம். கொஞ்சம் நகர்ந்ததும் முள் கொஞ்சம் திரும்பியிருந்தால் கொஞ்சம் வேகம். சட்டென்று திரும்பியிருந்தால் பெரிய வேகம். விதி இவ்வளவுதான்: இடத்தோடு கோணம் மாறும் வீதத்தை, 2 பையால் வகுத்த பிளாங்க் மாறிலியால் பெருக்கி, நிறையால் வகுத்தால் துகளின் வேகம்.

இது வானத்திலிருந்து குதித்த விதி அல்ல. நிகழ்தகவு ஓட்டம் என்ற அளவை எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். ஓட்டத்தை அடர்த்தியால் வகுத்தால் வேகம் வரும். ஆற்றுநீருக்குச் செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறோம். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நீரோட்டச் சமன்பாடு போல மாற்றி எழுதலாம் என்று மாடெலுங் 1920-களிலேயே காட்டிவிட்டார். லூயி டி பிராய் 1927 சால்வே மாநாட்டில், துகள் இருக்கிறது, அலை அதை வழிநடத்துகிறது என்று முன்வைத்தார். பவுலி ஆட்சேபம் எழுப்பினார். டி பிராய் சீக்கிரமே அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1952-இல் டேவிட் பாம் அதே இடத்துக்குத் தனியாக வந்து சேர்ந்து, அளவீடு நடக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து முழுமையாக்கினார். அதனால்தான் இன்று இதைப் பாம் இயக்கவியல் என்கிறோம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. ஃபெயின்மன் 1948-இல் கொடுத்த பாதைத் தொகை முறையிலும் "பாதை" என்ற சொல் வருகிறது. அங்கே ஒரு துகளுக்கு எண்ணற்ற பாதைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முள். எல்லா முட்களையும் கூட்டினால் அலைச்சார்பு வரும். அவை கணக்குக்கான பாதைகள். துகள் அவற்றில் எதில் போனது என்று அந்த முறை சொல்லாது. நாம் வரையப்போவது வேறு: ஒரு தொடக்கப்புள்ளிக்கு ஒரே பாதை.

பழகிக்கொள்ள ஒரு பிளவு

நேராக இரட்டைப் பிளவுக்குப் போகாதீர்கள். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கில் கையைப் பழக்கிக்கொண்டால்தான் பின்னால் வரும் தவறு கணக்கிலா, கோட்பாட்டிலா என்று கண்டுபிடிக்க முடியும்.

நிறையையும் குறுக்கிய பிளாங்க் மாறிலியையும் (2 பையால் வகுத்தது) 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளவிலிருந்து வெளியே வரும் அலையைக் காஸியன் மணி வடிவமாக எடுத்து, அதன் நிகழ்தகவின் திட்டவிலக்கத்தையும் 1 ஆக்குவோம். இந்த அலகுகள் மனதில் ஒட்டவில்லை என்றால் எலக்ட்ரானுக்கு மாற்றிப் பாருங்கள்: நீள அலகு 0.1 மைக்ரோமீட்டர் என்றால் நேர அலகு சுமார் 86 பிக்கோநொடி. பிளவிலிருந்து திரையை நோக்கிப் போகும் ஓட்டம் சீரானது, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் எப்படி நகர்கிறது என்பதுதான் நம் கேள்வி.

இடத்தை "இ" என்றும் நேரத்தை "நே" என்றும் வேகத்தை "வே" என்றும் எழுதுகிறேன். ஒற்றைப் பிளவின் நடுப்புள்ளியிலிருந்து அளந்தால்,

வே = இ × நே ÷ (4 + நே²)

இதற்குச் சரியான விடை: தொடக்க இடத்தை, (1 + நே² ÷ 4) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். 1-இல் தொடங்கிய துகள் நேரம் 2-இல் 1.4142-இல் இருக்க வேண்டும். இப்போது விடை தெரியாதது போலக் கணக்கிடுங்கள். படி 0.5. "இருக்கும் இடத்தில் வேகம் என்ன, அந்த வேகத்தில் அரை அலகு நேரம் நகர்" என்ற எளிய முறையில் போனால் வரும் இடங்கள்: 1, 1, 1.059, 1.165, 1.305. விடை 1.414-க்குப் பதில் 1.305. நான்கே படியில் இவ்வளவு பிழை.

இதற்கு நடுப்புள்ளி முறை என்று ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது. பாதிப் படி மட்டும் நகர்ந்து பாருங்கள். அங்கே வேகத்தைக் கணக்கிடுங்கள். பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வந்து, புதிதாகக் கிடைத்த அந்த வேகத்தில் முழுப் படியும் நகருங்கள். முதல் படி இப்படி: இ = 1, நே = 0, வேகம் சுழியம்; பாதிப் படியில் இ = 1, நே = 0.25, வேகம் 0.0615, முழுப் படிக்கு 0.0308 கூட்டினால் 1.0308. அடுத்தடுத்து 1.1180, 1.2499, 1.4140. சரியான விடைக்கும் இதற்கும் நான்காவது தசமத்தில்தான் வித்தியாசம். வேலை இரண்டு மடங்கு, துல்லியம் பல நூறு மடங்கு. இதைக் கையால் ஒருமுறை செய்துவிட்டு மேலே வாருங்கள். நேராக எக்செல்லுக்குப் போனவர்கள் பிழை வந்தால் எங்கே தேடுவது என்று தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைப் பிளவு

பிளவுகள் +5, −5 என்ற இடங்களில். இரண்டு காஸியன் அலைகளையும் கூட்டி, கோணம் மாறும் வீதத்தை எடுத்து, சுருக்கினால் கீழே உள்ளது கிடைக்கும். கலப்பெண் எல்லாம் நீங்கி வெறும் மெய்யெண் கணக்காகிவிட்டது.

அ = 1 + நே² ÷ 4
ப = 5 × இ ÷ அ
ம = ப × நே ÷ 2
கீ = ஹைப்பர்பாலிக் கோசைன் (ப) + கோசைன் (ம)
வே = [ (நே ÷ 2) × (இ − 5 × ஹைப்பர்பாலிக் சைன் (ப) ÷ கீ) − 5 × சைன் (ம) ÷ கீ ] ÷ (2 × அ)

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாகையில் விட்டுவிட்டால் பட்டைகளே வராது.

இந்தச் சூத்திரத்தில் "கீ" என்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது வகுக்கும் எண் மட்டும் அல்ல. திரையில் தெரியும் ஒளிப்பட்டை, கரும்பட்டை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நிகழ்தகவு அடர்த்தி கீ-க்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மேலே ஒரு மணி வடிவப் போர்வை மட்டும் கூடுதல். கோசைன் −1 ஆகும் இடத்தில் கீ மிகச் சிறியதாகிறது. துகள் அங்கே இருக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அதே கீ வேகச் சூத்திரத்தில் கீழே உட்கார்ந்திருப்பதால் வேகம் எகிறுகிறது. கரும்பட்டையில் துகள் ஏன் தங்குவதில்லை என்பதற்கு இதுதான் விடை: அங்கே போகவே கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, அந்த வழியாகப் போகும் சிலவும் வேகமாகக் கடந்துவிடுகின்றன.

எண்ணாகவே பார்த்துவிடுவோம். நேரம் 20-இல் முதல் கரும்பட்டை 6.35-இல் இருக்கிறது. அங்கே ப = 0.314, ம = 3.142, கீ = 0.05. வேகம் −1.27 என்று வரும். அதாவது நடுக்கோட்டை நோக்கி, உள்பக்கமாக! அடுத்த ஒளிப்பட்டையின் நடுவான 12.69-இல் வேகம் +0.55, வெளிப்பக்கமாக. பட்டைகள் எல்லாமே வெளியே விரிந்துகொண்டிருக்கும்போது, இருட்டில் அகப்பட்ட துகள் மட்டும் எதிர்த்திசையில் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடி உள்பட்டைக்குள் சேர்கிறது. இந்த −1.27-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்கு இந்த எண் வந்த மாலையில், அதுவரை படித்த அத்தனை விளக்கங்களையும்விட இது ஒன்று போதும் என்று தோன்றியது. பாதை உண்டு என்றால் துகள் கிரிக்கெட் பந்து போலப் போகும் என்று அர்த்தமில்லை. எந்த விசையும் இல்லாத வெற்றிடத்தில், தன்னந்தனியாக, ஒரு துகள் திசை திரும்பி ஓடுகிறது. திருப்பிவிட்டது அது போகாத இன்னொரு பிளவிலிருந்து வந்த அலை.

தொடக்கப் புள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது

சம இடைவெளியில் புள்ளி வைக்காதீர்கள். நிகழ்தகவைச் சமமாகப் பங்குபோட்டு வையுங்கள். அப்போதுதான் திரையில் கோடுகள் நெருங்கும் இடம் ஒளிப்பட்டையாகவும் விலகும் இடம் கரும்பட்டையாகவும் கண்ணுக்கே தெரியும். பிளவுக்குப் பத்துப் பாதை என்றால் நடுப்புள்ளியிலிருந்து 0.126, 0.385, 0.674, 1.036, 1.645 தள்ளி இரண்டு பக்கமும் வையுங்கள். மேல்பிளவுக்கு இது 3.355-இலிருந்து 6.645 வரை. கீழ்ப்பிளவுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டாம். குறியை மாற்றினால் போதும்.

இந்தப் பங்கீடு வெறும் வசதிக்காக அல்ல. தொடக்கத்தில் துகள்கள் அலைச்சார்பின் வர்க்கப்படி பரவியிருந்தால், வழிநடத்தும் விதி எந்த நேரத்திலும் அந்தப் பரவலைக் கலைக்காது. பாம் இயக்கவியலும் வழக்கமான குவாண்டம் இயக்கவியலும் சோதனையில் ஒரே விடையைத் தருவது இதனால்தான். ஒவ்வொரு துகளும் எங்கே தொடங்கியது என்பதை நாம் அந்தப் பரவலைவிடத் துல்லியமாக அறிய வழியில்லை. நிச்சயமின்மை விதி அங்கே அப்படியே நிற்கிறது. ஒரே நேரத்தில் இடம், உந்தம் இரண்டையும் துல்லியமாக அறிந்து துகளைத் தயார்செய்ய முடியாது என்பதுதான் அந்த விதி. பாதையே இல்லை என்பது அதிலிருந்து தானாக வருவதில்லை.

நான் முதலில் செய்த தவறு

வரைபடத்தாளும் கால்குலேட்டரும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தபோது, நேரம் 20 வரை பத்தே படியில் முடித்துவிடலாம் என்று படியை 2 என்று வைத்தேன். நடுப்புள்ளி முறையும் இல்லை, எளிய முறைதான். 3.355-இல் தொடங்கிய துகளுக்கு வந்த எண்கள் இவை: நேரம் 2-இல் 3.36, 4-இல் 2.53, 6-இல் 1.81, 8-இல் −0.98. மேல்பிளவிலிருந்து வந்த துகள் நடுக்கோட்டைத் தாண்டிக் கீழ்ப்பாதிக்குப் போய்விட்டது.

இது நடக்கவே கூடாது. நடுக்கோட்டில் இ = 0 என்று போட்டால் எந்த நேரத்திலும் வேகம் சுழியம். கோட்டைத் தொட்ட துகள் கோட்டிலேயே கிடக்க வேண்டும். பொதுவாகவே, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டு வேகம் இருக்க முடியாது என்பதால் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டாது. நான் சூத்திரம் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் வகையிடலையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சூத்திரத்தில் ஒன்றுமில்லை. நேரம் 6-இல் துகள் ஒரு கரும்பட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. வேகம் அந்த ஒரு நொடிப்பொழுதுக்கு −1.39. உண்மையில் அது அந்த வேகத்தில் கொஞ்ச நேரம்தான் போகும், அதற்குள் ஒளிப்பட்டைக்குள் வந்து நின்றுவிடும். நான் அதே வேகத்தில் இரண்டு அலகு நேரம் ஓடவிட்டுவிட்டேன். படியை 1 ஆக்கியதும் நேரம் 6-இல் 0.06 வந்தது, கோட்டைத் தாண்டவில்லை. சரியான விடை 0.35.

ஆகவே கரும்பட்டைதான் ஆபத்தான இடம். நடுப்புள்ளி முறையும் 0.05 படியும் வைத்தால் எக்செல்லில் 400 வரிசை. அது ஒன்றும் பெரிதல்ல. பிறகு படியைப் பாதியாக்கி, கடைசி இடங்கள் மூன்றாவது தசமத்திலாவது மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொடக்கத்தில் இருந்த வரிசை கடைசியிலும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பாதை இன்னொன்றை முந்தியிருந்தால் கணக்கில் பிழை.

சரிபார்க்க இன்னொரு நல்ல வழி இருக்கிறது. இந்தக் கணக்கில் பக்கவாட்டு இயக்கம் ஒரே பரிமாணம். பாதைகள் வெட்டாது, நிகழ்தகவு தொலையாது. அப்படியென்றால் ஒரு பாதைக்குக் கீழே இருக்கும் மொத்த நிகழ்தகவு எப்போதும் மாறாது. நடுக்கோட்டுக்கு மேல் உள்ள நிகழ்தகவில் 35 சதவீதம் தனக்குக் கீழே இருக்கத் தொடங்கிய துகள், கடைசிவரை 35 சதவீதத்தைக் கீழே வைத்துக்கொண்டே போகும். வேகமே கணக்கிடாமல், திரையில் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே வந்து 35 சதவீதம் எங்கே நிறைகிறது என்று பார்த்தால் அதுதான் துகள் விழும் இடம். இரண்டு வழியிலும் ஒரே விடை வர வேண்டும். பரிமாணம் இரண்டோ அதற்கு மேலோ ஆனால் இந்தக் குறுக்குவழி வேலை செய்யாது, அங்கே வேகத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

மேல்பிளவின் பத்துப் பாதைகளில் கீழே இருக்கும் ஆறும் நேரம் 20-இல் விழும் இடங்கள் சுமாராக: 3.355 → 0.4, 3.964 → 1.1, 4.326 → 1.9, 4.615 → 3.0, 4.874 → 7.6, 5.126 → 10.2. உங்கள் எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 4.615-க்கும் 4.874-க்கும் நடுவே நடப்பதைக் கவனியுங்கள். தொடங்கும்போது கால் அலகு இடைவெளி. திரையில் நாலரை அலகுக்கும் மேல். நடுவே கரும்பட்டை. ஒன்று உள்பட்டைக்குள் விழுந்தது, மற்றது வெளிப்பட்டைக்குப் போய்விட்டது. பிளவுக்குள் இம்மி நகர்ந்து தொடங்கியிருந்தால் வேறு பட்டை. எது எங்கே விழும் என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாததற்கு இந்தக் கோட்பாடு தரும் காரணம் இதுதான்: துகளுக்குத் தெரியாமல் இல்லை, தொடக்கத்தை அவ்வளவு நுணுக்கமாக அறிய நமக்கு வழியில்லை.

இருபது பாதைகளையும் ஒரே தாளில் வரைந்துவிட்டால் ஒரு படம் கிடைக்கும். பிளவிலிருந்து விசிறியாக விரிந்து, பிறகு நெளிந்து நெளிந்து கற்றை கற்றையாகச் சேரும் கோடுகள். இந்தப் படத்தைக் கணினியில் கணக்கிட்டு 1979-இல் பிலிப்பிடிஸ், டூட்னி, ஹைலி ஆகியோர் வெளியிட்டார்கள். பாமின் கட்டுரைகள் வந்து 27 ஆண்டுகள் கழித்து! வகுப்பில் "எந்தப் பிளவு வழியாப் போச்சு" என்று கேட்ட பிள்ளைக்கு இந்தப் படம் நேரடியாகப் பதில் சொல்கிறது: திரையின் மேல்பாதியில் விழுந்தது மேல்பிளவு வழியாக வந்தது, கீழ்ப்பாதியில் விழுந்தது கீழ்ப்பிளவு வழியாக.

இந்தப் படத்தை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

2011-இல் டொரான்டோவில் ஸ்டைன்பெர்க்கின் குழு, ஒளியணுக்களை (ஃபோட்டான்களை) ஒவ்வொன்றாக இரட்டைப் பிளவு அமைப்பில் அனுப்பி, மெல்லிய அளவீடு என்ற, துகளை அதிகம் கலைக்காமல் அளக்கும் முறையில் ஒவ்வோர் இடத்திலும் சராசரி உந்தத்தை அளந்து, அவற்றை இணைத்துப் பாதைகளை வரைந்தார்கள். நாம் வரைந்த படத்தின் அதே சாயல். இதைக் காட்டி "பாம் சொன்னது நிரூபணமாகிவிட்டது" என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. அவர்கள் அளந்தது பல ஒளியணுக்களின் சராசரி. அந்தச் சராசரி அப்படித்தான் வரும் என்று வழக்கமான குவாண்டம் இயக்கவியலும் சொல்கிறது. பாதையை வரைந்து காட்ட முடிந்தது பெரிய விஷயம். அதுவே நிரூபணம் ஆகாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அலைச்சார்பின் வர்க்கத்தைக் கலைக்காத வேகவிதி இது ஒன்றுதான் என்று கிடையாது. எட்வர்ட் நெல்சன் 1966-இல் கொடுத்த முறையில் துகள் மகரந்தத் தூள் போல நடுங்கி நடுங்கிப் போகிறது. பாதை வேறு, திரையில் விழும் பரவல் அதே. நான் பாமின் விதியைத் தேர்ந்தெடுப்பது அது மிக எளியது என்பதாலும், நிகழ்தகவு ஓட்டத்திலிருந்து நேராக வருகிறது என்பதாலும்தான்.

அடுத்து மாணவர்கள் முயலும் கணக்கு பெரும்பாலும் ஹைட்ரஜன். தரைநிலையில், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையில், முட்கள் எல்லாம் ஒரே திசை. வேகம் சுழியம். எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றவில்லை, சும்மா நிற்கிறது. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பெட்டிக்குள் அடைத்த துகளுக்கும் இதே நிலைதான்; ஐன்ஸ்டைனே 1953-இல் இதை ஒரு குறையாக எழுப்பினார். உந்தத்தை அளந்தால் சுழியம் வருவதில்லையே என்பது நியாயமான கேள்வி. விடையும் நம் ஒற்றைப் பிளவுக் கணக்கிலேயே இருக்கிறது. அங்கேயும் நே = 0-இல் வேகம் சுழியம்தானே? அலையை விடுவித்ததும் அது விரிந்தது, துகள் வேகம் பிடித்தது. உந்தத்தை அளப்பது என்றால் பெட்டியைத் திறந்துவிட்டு, துகள் எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பது. அளக்கும் செயலே அந்த வேகத்தைக் கொடுக்கிறது. முன்பே உள்ளே இருந்த வேகத்தை எட்டிப்பார்ப்பது அல்ல. சுழலும் ஹைட்ரஜன் நிலைகளும் உண்டு: காந்தக் குவாண்டம் எண் 1 என்ற நிலையில் எலக்ட்ரான் அச்சைச் சுற்றி வட்டமாகப் போகும். ஒரு மாலை நேரத்துக்கு நல்ல கணக்கு.

இரண்டு துகள்களுக்குப் போகும்போதுதான் விஷயம் கனக்கிறது. பின்னிப்பிணைந்த இரண்டு துகள்களுக்குத் தனித்தனி அலை கிடையாது. இருவருக்கும் சேர்த்து ஒரே அலைச்சார்பு. முதல் துகளின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் இரண்டாவது துகளின் இடத்தையும் போட்டே ஆக வேண்டும், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. தூரத்துத் துகளோடு உள்ள இந்தத் தொடர்பைப் பார்த்துத்தான் ஜான் பெல், இது பாமின் கோட்பாட்டுக்கு மட்டும் உள்ள குறையா, எல்லாவற்றுக்கும் உள்ளதா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1964-இல் பிறந்ததுதான் பெல் சமனின்மை: தூரத்துப் பாதிப்பை ஏற்காத கோட்பாடுகள் தாண்ட முடியாத ஒரு வரம்பைச் சொல்லும் தேற்றம். பாதைகளைக் கையால் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தேற்றம் ஏன் தேவைப்பட்டது என்று விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. சூத்திரத்தில் அந்தத் தூரத்துத் துகளின் இடத்தை எண்ணாக எழுதும்போதே அவர்கள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கடைசியாக, தாளை மடித்துவைப்பதற்கு முன் ஒரு கணக்கு. 5.385-இல் தொடங்கும் துகளை எடுங்கள். இரண்டு பிளவும் திறந்திருந்தால் நேரம் 20-இல் அது சுமார் 11.7-இல் விழும். இப்போது கீழ்ப்பிளவை மூடிவிடுங்கள். துகள் மேல்பிளவில்தான் இருக்கிறது, அதே புள்ளி, அதே தொடக்க வேகம். ஒற்றைப் பிளவுச் சூத்திரத்தில் 0.385-ஐப் போட்டு, வர்க்கமூலத்தால் பெருக்கி, 5-ஐக் கூட்டுங்கள். 8.9 வரும். இரண்டு பாதைகளையும் ஒரே தாளில், இரண்டு வண்ணப் பென்சிலால் வரையுங்கள். முதல் சில அலகு நேரம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகவே போகும். கீழ்ப்பிளவின் அலை விரிந்து மேலே வந்து சேரும் இடத்தில்தான் பிரியத் தொடங்கும். அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, நேரத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.